அப்பாவின் படம் எங்கே இருக்கிறது? தரவு மையங்களுக்குள் ஓடும் ஒளி

கிளிநொச்சியில் இருக்கும் அக்கா ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, அப்பாவின்ரை அந்தப் படம் இப்ப உண்மையா எங்கை கிடக்கு?”

எங்கள் வீட்டு அல்பம் 2009 இல் தொலைந்தது. தருமபுரத்தை விட்டுப் புறப்படும்போது உரப்பை ஒன்றுக்குள் இருந்தது. அந்தப் பையை எந்த இடத்தில் விட்டோம் என்பதில் இன்றுவரை வீட்டில் ஆளுக்கொரு கதை. அப்பாவும் அந்த வருடமே போய்விட்டார். அதன் பிறகு பல வருடங்கள் அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இருக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் சித்தி ஒருநாள் தன்னுடைய கலியாண அல்பத்தில் இருந்து ஒரு படத்தைக் கைத்தொலைபேசியால் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். மணவறைக்கு இடதுபக்கம் மூன்றாவது ஆளாக, சேட்டுக் கையை மடித்துக்கொண்டு அப்பா நிற்கிறார். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அக்கா கேட்டதில் வியப்பில்லை. ஒரு பொருள் ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். என்னிடம் கேட்டதற்குக் காரணம் என் வேலை. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற நகரத்தில், தரவு மையம் ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். ஐரோப்பாவில் தரவு மையங்கள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. ஒளியிழைக் கேபிள் இழுப்பது, பொருத்துவது, பழுது தேடுவது என் வேலை. இங்கே எல்லாரும் பைபர் என்றுதான் சொல்வார்கள். பேஸ்புக்கில் நான் வேலை செய்தது கிடையாது. ஆனால் அவர்கள் தங்கள் படங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைத் தாங்களே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வாசிக்கும் விடயம் அது.

சித்தி போட்ட படம் முதல் நாட்களில் பலராலும் பார்க்கப்படும். அப்போது அதற்கு முழுப் பிரதிகள் பல இருக்கும். சில மாதங்கள் போனால் பார்ப்பவர்கள் குறைவார்கள். அப்படி ஆறிப்போன படங்களுக்கென்று பேஸ்புக் கட்டிய சேமிப்பு முறைக்கு எப்4 என்று பெயர். 2014 இல் அதைப்பற்றிய கட்டுரை வந்தது. அதில் ஒரு பெரிய தரவுத் தொகுதியைப் பத்துத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். அந்தப் பத்தில் இருந்து கணக்குப் போட்டு இன்னும் நான்கு துண்டுகளை உண்டாக்குகிறார்கள். பதினான்கையும் வெவ்வேறு றாக்கைகளில் வைக்கிறார்கள். எந்த நான்கு அழிந்தாலும் மிச்சம் இருக்கும் பத்தைக்கொண்டு முழுவதையும் திரும்பக் கட்டலாம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதன் முதற்பாதி புதிதல்ல. உறுதி அம்மாவின் பையில், பிறப்புச் சான்றிதழ் அக்காவின் பையில், காசு மூன்று பேரிடம் என்று பிரித்துத்தான் நடந்தோம். எங்களுக்கு இல்லாமற்போனது இரண்டாம் பாதி, அதாவது அந்தக் கணக்கு. ஒருவரிடம் 7, இன்னொருவரிடம் 5, மூன்றாமவரிடம் கூட்டுத்தொகை 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரில் யார் தொலைந்தாலும் மற்ற இருவரைக் கேட்டால் தொலைந்த எண் தெரிந்துவிடும். எப்4 இல் நடப்பது இதன் பெரிய வடிவம். 1960 இல் இர்விங் ரீட், குஸ்ரவ் சொலமன் என்ற இரண்டு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் வகுத்த முறை அது. இப்படிச் செய்ததால் ஒரு படத்தைப் பாதுகாக்க முன்னர் அதன் அளவைப்போல் 3.6 மடங்கு இடம் தேவைப்பட்டது, 2.1 மடங்காகக் குறைந்தது. அந்த 2.1 மடங்குக்குள் ஒரு தரவு மையம் முழுவதாக இல்லாமற்போவதையும் தாங்கும் ஏற்பாடு அடங்கியிருக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. தொலைந்த துண்டு ஒன்றைத் திரும்பக் கட்ட, வெவ்வேறு றாக்கைகளில் இருக்கும் பத்துத் துண்டுகளை வாசிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வன்தட்டுக்கள் உள்ள கட்டடத்தில் தட்டுக்கள் பழுதாவது அன்றாட நிகழ்வு. ஆகவே கட்டடத்துக்குள் எந்த நேரமும் துண்டுகள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியில் இருந்து நீங்கள் ஒரு படத்தைக் கேட்பதால் வரும் போக்குவரத்தைவிட, உள்ளே கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் வரும் போக்குவரத்துப் பல மடங்கு. வலையமைப்பு மந்தமாக இருந்தால் இந்த முறையே பயன்படாது. முழுப் பிரதிகளை அடுக்கி வைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்பாவின் படம் பாதுகாப்பாக இருப்பதற்குத் தட்டுக்கள் எவ்வளவு முக்கியமோ, தட்டுக்களுக்கு இடையில் ஓடும் ஒளியும் அவ்வளவு முக்கியம். அக்காவிடம் நான் சொல்ல முயன்றது இதைத்தான்.

ஏன் ஒளி? செப்புக் கம்பி மலிவு, பழகியது, இலேசில் உடையாது. ஆனால் வேகம் கூடக்கூடச் செப்புக்குள் சமிக்ஞை விரைவாகத் தேய்ந்துவிடும். செக்கனுக்கு 10 கிகாபிட் அனுப்பும்போது செப்புக் கேபிள் 7 மீற்றர்வரை தாங்கும். 100 கிகாபிட்டுக்கான தரத்தில் அது 5 மீற்றர். இன்றைய 400 கிகாபிட் கேபிள்களுக்கான தரத்தில் 2 மீற்றர்தான். ஒரு கிகாபிட் என்பது நூறு கோடி பூச்சியங்களும் ஒன்றுகளும். இரண்டு மீற்றர் என்றால் ஒரு றாக்கையின் உச்சியில் இருந்து அடிவரை. அடுத்த வரிசைக்குப் போகவேண்டும் என்றால் கண்ணாடிதான்.

கண்ணாடிக்குள் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966 இல் காட்டியவர் சார்ள்ஸ் காவோ. ஷாங்காயில் பிறந்து, இங்கிலாந்தின் ஹார்லோவில் ஒரு தொலைத்தொடர்பு ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீற்றர்களிலேயே பெருமளவு அடங்கிவிடும். குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அழுக்கில்தான் என்று காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் எழுதினார்கள். ஒரு கிலோமீற்றர் ஓடிய பிறகு நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 1970 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் அதைத் தாண்டியது. இன்று நல்ல இழை ஒன்றில், ஏற்ற அலைநீளத்தில் அனுப்பினால், ஒரு கிலோமீற்றருக்குப் பின் நூறில் 95 பங்கு மிஞ்சும்.

காவோவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2009 ஒக்ரோபரில். அந்த மாதம் நாங்கள் மெனிக் பாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். இந்தச் செய்தி எங்களுக்கு எட்டியிருக்க வழியில்லை. அப்போது காவோவுக்கு மறதி நோய்; பரிசுக்கான உரையை அவருடைய மனைவி நிகழ்த்தினார். உலகம் தன் நினைவுகளை அனுப்பிவைக்கும் வழியைத் திறந்த மனிதருக்குத் தன் நினைவுகள் நழுவிக்கொண்டிருந்தன. வேலையில் கேபிள் சுற்றிக்கொண்டிருக்கும்போது இது சில வேளை ஞாபகத்துக்கு வரும்.

தரவு மையத்தில் இழை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெளியே மஞ்சள் நிற உறை. உள்ளே 125 மைக்ரோன் தடிப்புள்ள கண்ணாடி, தலைமயிரைவிடச் சற்றுத் தடிப்பு. அதன் நடுவில் ஏறத்தாழ 9 மைக்ரோன் அகலமான பாதை; ஒளி போவது அதற்குள்தான். நீல நிறத்தில் இன்னொரு வகை இருக்கிறது. அதன் பாதை 50 மைக்ரோன், விலை குறைந்த லேசர் போதும், ஆனால் வேகம் கூடும்போது நூறு மீற்றர் அளவோடு நின்றுவிடும். கட்டடங்கள் பெருக்கப் பெருக்க மஞ்சள்தான் வெல்கிறது.

இழையின் இரு நுனியிலும் விரலளவான ஒரு பொருள் சுவிட்சுக்குள் செருகப்படும். அதன் பெயர் ட்ரான்சீவர். மின்னை ஒளியாக்கி அனுப்பும், வரும் ஒளியை மின்னாக்கும். 100 கிகாபிட் ட்ரான்சீவர்களில் பரவலான ஒரு வகைக்குள் நான்கு லேசர்கள் இருக்கும். 1271, 1291, 1311, 1331 நனோமீற்றர் என்று நான்கு நிறம்; கண்ணுக்குத் தெரியாத நிறங்கள். ஒவ்வொன்றும் 25 கிகாபிட் சுமக்கும். நான்கையும் ஒரே இழைக்குள் விட்டு மறுமுனையில் பிரித்தெடுப்பார்கள். பேஸ்புக் இதில் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தது. தொலைபேசி நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்ட ட்ரான்சீவர்கள் பல கிலோமீற்றர் தூரத்துக்கும், கடும் குளிருக்கும் வெப்பத்துக்கும் ஏற்றவை. ஆகவே விலை அதிகம். தங்கள் கட்டடத்துக்குள் 500 மீற்றர் போனால் போதும், 15 இலிருந்து 55 பாகை செல்சியஸ்வரை தாங்கினால் போதும் என்று அவர்கள் தரத்தைத் தளர்த்தி எழுதினார்கள். தேவைக்கு மேல் கேட்காததால் விலை இறங்கியது. எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை, ஆனாலும் எனக்கு மிகப் பிடித்த பொறியியல் முடிவுகளில் இது ஒன்று.

இனி என் வேலையின் முக்கால்வாசியைப்பற்றி. அது தூசி.

பாதையின் அகலம் 9 மைக்ரோன் என்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அதை முழுதாக மறைத்துவிடும். விரல் பட்டால் எண்ணெய்ப் படலம் ஒட்டும். மூடியைக் கழற்றி, நுனியைக் கையடக்க உருப்பெருக்கியால் பார்த்து, துடைத்து, திரும்பப் பார்த்த பிறகுதான் செருக வேண்டும். புதிதாகப் பெட்டியில் இருந்து எடுத்த கேபிளுக்கும் இதே சட்டம். பாதுகாப்பு மூடியே தூசியைக் கொண்டுவரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு இரவு அவசரத்தில் பார்க்காமல் ஒன்றைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. வேலை முடிந்தது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த இணைப்பு வாரக்கணக்கில் ஓடியது. பிறகு ஒரு வெக்கையான மாலை விட்டுவிட்டு அறுந்து, ஒரு வாடிக்கையாளரின் பகுதி முழுவதும் தடுமாறியது. காரணம் தேட ஏழு மணித்தியாலம். கடைசியில் என் கேபிளின் நுனியை உருப்பெருக்கியில் பார்த்தால், நடுப்பாதையின் ஓரத்தில் கரிப்பொட்டு மாதிரி ஒன்று.

ஏன் வாரக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை? இதற்குப் பதில் சொல்ல ஒளி எப்படி எழுதப்படுகிறது என்று சொல்ல வேண்டும். முன்பு எரிந்தால் ஒன்று, அணைந்தால் பூச்சியம். ரோச் லைற் அடிப்பது போலத்தான். இப்போது வேகத்துக்காக நான்கு பிரகாச அளவுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் இரண்டு பிட் சுமக்கும். ஒரு நிறத்தில் 100 கிகாபிட் ஓடும்போது கண்ணாடிக்குள் ஒரு துடிப்பின் நீளம் 4 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. நான்கு அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் பிழை வருவது நிச்சயம். பிழை வராது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொரு 514 குறியீடுகளோடும் 30 மேலதிகக் குறியீடுகளைச் சேர்த்து அனுப்புவார்கள். அந்த 544 இல் 15 வரை கெட்டாலும் மறுமுனை தானே திருத்திவிடும். இதுவும் ரீட், சொலமன் இருவரும் தந்த அதே கணக்குத்தான். அப்பாவின் படத்தைத் தட்டுக்களில் காப்பதும், அந்தப் படம் இழைக்குள் ஓடும்போது காப்பதும் ஒரே கை.

என்னுடைய தூசியையும் அந்தக் கை பேசாமல் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறது. திருத்தும் அளவு எல்லைக்கு வந்த நாளில்தான் இணைப்பு விழுந்தது. அன்றிலிருந்து பச்சை விளக்கை நான் நம்புவதில்லை. திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பேன். தூசி சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 இல் தன் பெரிய மொழி மாதிரி ஒன்றை 16,384 செயலிகளைக்கொண்டு பயிற்றியது. 54 நாட்களில் 419 எதிர்பாராத தடங்கல்கள் வந்தன. அவற்றில் 35 சுவிட்ச் அல்லது கேபிளால் வந்தவை.

இழைகள் எந்த ஒழுங்கில் பின்னப்படுகின்றன என்பது இன்னொரு பெரிய கதை. சுருக்கமாகச் சொன்னால், 1953 இல் பெல் ஆய்வுகூடத்தில் சார்ள்ஸ் க்ளோஸ் என்பவர் தொலைபேசி நிலையங்களுக்காக எழுதிய திட்டம்தான் இன்றும் ஓடுகிறது. ஒரு மிகப்பெரிய சுவிட்சுக்குப் பதிலாகப் பல சிறிய சுவிட்சுகளை அடுக்குகளாகப் பின்னினால், எந்த இரண்டு றாக்கைகளுக்கு இடையிலும் பல வழிகள் இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றதால் போகும். கூகுள் ஒரு படி மேலே போய், நடு அடுக்கில் இருந்த சுவிட்சுகளுக்குப் பதிலாகக் கண்ணாடிச் சில்லுகளை வைத்திருக்கிறது. மிகச் சிறிய ஆடிகள் சாய்ந்து, வரும் ஒளியை அப்படியே வேறு இழைக்குள் திருப்பிவிடும். ஒளியை மின்னாக மாற்றி வாசிப்பதே இல்லை. வாசிக்காததால் வேகம் 100 ஆனாலும் 400 ஆனாலும் ஆடிக்கு ஒன்றுதான். பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 2022 இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி இதோடு சேர்ந்த மாற்றங்களால் மின்சாரத் தேவை 41 வீதம் குறைந்தது.

மின்சாரம்தான் இப்போது எல்லாரையும் முழிக்க வைக்கிறது. 800 கிகாபிட் ட்ரான்சீவர் ஒன்று 15 வாட் அளவில் குடிக்கும். அப்படி 64 செருகிய சுவிட்ச் ஒன்றில், ட்ரான்சீவர்களுக்கு மட்டும் ஒரு கிலோவாட்டுக்குக் கிட்ட வேண்டும். பின்பக்கம் கை வைத்தால் இடியப்பம் அவிக்கலாம் போலிருக்கும். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தச் சுவிட்சுகள் பெருகிவிட்டன. மெட்டா 2024 இல் அறிவித்த இரண்டு தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் 24,576 செயலிகள். ஒவ்வொரு செயலிக்கும் 400 கிகாபிட் இணைப்பு. ஆகவே ட்ரான்சீவரை வெளியே செருகாமல், ஒளிக்கருவியைச் சுவிட்ச் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடும் முறை வருகிறது. என்விடியா 2025 மார்ச்சில் அப்படியான சுவிட்சுகளை அறிவித்தது. மின் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் இன்று ட்ரான்சீவர் ஒன்று பழுதானால் நான் அரை நிமிடத்தில் கழற்றி மாற்றுகிறேன். ஒட்டியது பழுதானால் என்ன செய்வது என்பது எங்கள் இரவு வேலை அறையில் முடியாத விவாதம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா ஒன்று கேட்டார். “அப்ப, அண்டைக்கு வட்ஸ்அப் வேலை செய்யேல்லையே, அது என்ன?”

அவர் கேட்டது 2021 ஒக்ரோபர் 4. இலங்கையில் இரவு 9 மணி தாண்டிய நேரம் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒன்றாக விழுந்தன; திரும்ப வர ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் எடுத்தது. அம்மாவுக்கு அப்போது காய்ச்சல். வட்ஸ்அப்பில் எனக்கும் அக்காவுக்கும் இடையில் ஒரு சொல்லும் போகவில்லை. தொலைபேசியும் இல்லாமல், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதத்துக்காகக் காத்திருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஆறு மணித்தியாலமும் வேறு மாதிரி நீளும்.

நிறுவனம் பின்னர் விளக்கம் எழுதியது. தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவைப் பரிசோதிக்க ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அந்தக் கட்டளை தவறுதலாக எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படியான கட்டளைகளைத் தடுக்கவேண்டிய மென்பொருளில் ஒரு வழு இருந்ததால் அது தடுக்கவில்லை. தரவு மையங்களோடு பேச முடியாமற்போனதும், பேஸ்புக்கின் முகவரியைச் சொல்லும் கணினிகள் தாமாகவே இணையத்தில் இருந்து விலகிக்கொண்டன. தூர இருந்து சரிசெய்யவும் அதே வலையமைப்புத்தான் வேண்டும். ஆகவே பொறியியலாளர்கள் நேரில் போகவேண்டி வந்தது. இலேசில் உள்ளே போக முடியாதபடி கட்டப்பட்ட கட்டடங்கள் அவை. இழை அறுந்த விபத்து அல்ல அது. கண்ணாடி முழுதாக இருந்தது, தட்டுக்களில் படங்கள் முழுதாக இருந்தன, பதினான்கு துண்டுகளும் தங்கள் இடத்தில் இருந்தன. போய்ச் சேரும் வழிதான் இருக்கவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்தப் படத்தை எடுத்து எங்கடை கையிலையும் வச்சிருக்கலாமோ?” என்றார்.

வைக்கலாம். எப்படித் தரவிறக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். மகன் ஒரு பிரதியை பென்டிரைவில் போட்டான், இன்னொன்றை நகரத்து ஸ்ரூடியோவில் அச்சடித்தார்கள். அப்பாவின் முகம் தெளிவில்லாமல் வந்தது. பேஸ்புக் படத்தைச் சிறிதாக்கித்தான் வைக்கும். அதோடு சித்தி எடுத்ததே பிளாஸ்ரிக் தாளுக்கு மேலால், குழல் விளக்கு வெளிச்சத்தில்.

சித்தியைக் கேட்டேன். அந்த அல்பம் பிய்ந்துவிட்டதாம். படங்களை ஒரு பிஸ்கற் பேணிக்குள் போட்டு வைத்திருக்கிறாராம். வருகிற கோடையில் ரொறன்ரோ போகிறேன். ஸ்கானர் ஒன்றைக் கையில் கொண்டுபோவதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். நுனி துடைக்கும் துணியும் இரண்டு பெட்டி எடுத்துக்கொள்வேன். ஸ்கானரின் கண்ணாடியிலும் தூசி படியும்.